சேசுராஜின் வெள்ளைக்கார அப்பா

விமலா, ஷீபா,

கல்லறைத் தோட்டத்து வேலைக்கு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்திருப்பதாகப் பாஸ்டர் போனில் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை வந்து, எல்லார் முன்னாலும் நின்று, என் அனுபவத்தை உங்களுக்குப் பேசிக் காட்ட முடியுமா என்று கேட்டார். நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் எனக்கு வேர்த்துக் கொட்டும். எழுதித் தருகிறேன் பாஸ்டர் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

கூட்டுவது, குப்பை அள்ளுவது, போகன்வில்லாவுக்குத் தண்ணீர் விடுவது எதையும் எழுதப்போவதில்லை. துடைப்பத்தைக் கையில் எடுத்தால் அதெல்லாம் தன்னால் வரும். மனிதர்கள் வந்து நிற்கும்போது என்ன செய்வது என்பதுதான் தன்னால் வருவதில்லை.

முதலில் ஒன்று. அந்த இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வரும். பயப்படாதீர்கள். நான் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு கல்லைக் கட்டிப்பிடித்து அழுதார், அப்படி ஓர் அழுகை. பிறகு கண்ணைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, கல்லில் இருந்த எழுத்தைப் படித்தார். பக்கத்துக் கல்லையும் படித்தார். தொப்பியை மறுபடியும் கழற்றிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கல்லைக் கட்டிப்பிடித்து முதலிலிருந்து அழுதார். எனக்குத் தாங்கவில்லை. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவரும் அதே மரத்துக்குப் பின்னால் வந்தார். அவரும் சிரிப்பதற்குத்தான் இடம் தேடி வந்திருக்கிறார். ஒருத்தரையொருத்தர் பார்த்து இன்னும் சிரித்தோம். அன்றைக்கே எனக்கு அந்த வேலை பிடித்துவிட்டது.

இப்படி வருகிறவர்கள் பூர்வீகம் தேடி வருகிறவர்கள். குளிர் தொடங்கியதும் வருவார்கள். நம் பஹ்ரைன் தோட்டத்தில் கிடப்பவர்களில் பாதிப்பேர் அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள், தந்தி ஆபீஸ்காரர்கள், காய்ச்சலில் போன சின்னப் பிள்ளைகள். அவர்களுடைய பேரன் பேத்திகள் எங்கிருந்தோ தேடிக்கொண்டு வருவார்கள். முதலில் தண்ணீர் கொடுங்கள். அப்புறம் பெயரைக் கேளுங்கள். ஸ்காட்லாந்து என்று சொன்னால் ஸ்காட்லாந்து என்றே திருப்பிச் சொல்லுங்கள். இங்கிலாந்தா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தண்ணீர் கொடுத்த புண்ணியம் அத்தோடு போய்விடும்.

நான் சொல்ல வந்தது மார்கரெட் அம்மாவைப் பற்றி.

அதற்கு முன்னால் சேசுராஜைச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். பையன் என்று பழக்கத்தில் சொல்கிறேன், நாற்பது தாண்டியவன். கப்பல் பட்டறையில் சாரம் கட்டுகிற வேலை. ஊரில் அவனுடைய அப்பா மிக்கேல் இறந்தபோது இவனால் போக முடியவில்லை. வேலைக்கு எடுத்த அரபி முதலாளி, அதாவது கஃபீல் கையில் பாஸ்போர்ட், கஃபீல் எந்த ஊரிலோ. போன் வழியாகத்தான் அடக்கம் பார்த்தான்.

கல்லறைத் திருநாள் வந்தால் ஊரில் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். கழுவி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். இங்கே கேம்ப்பில் இருக்கிறவர்களுக்கு ஏற்றுவதற்குக் கல்லறை ஏது? அதனால் கேட்பாரில்லாத கல் ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு ஒரு கல், தங்கச்சிக்கு ஒரு கல். நாங்கள் அதை இரவல் கல்லறை என்போம். சேசுராஜ் மூலையில் நங்கூரம் செதுக்கிய கல்லைப் பிடித்துக்கொண்டான். அதன் அடியில் கிடப்பவர் ஜேம்ஸ் என்று ஒரு கப்பல் எஞ்சினியர்.

“எங்கப்பாவும் கடல்காரரு, இவரும் கடல்காரருதானக்கா. சரியா வரும்” என்பான்.

வருஷம் தவறாமல் வருவான். கடல்காற்றில் கல்மேல் படிந்த உப்பைச் சுரண்டுவான், மாலை போடுவான், அப்பாவுக்குப் பிடிக்கும் என்று மிக்சர் பொட்டலமும் ஒரு கிளாஸ் சுலைமானியும், பால் இல்லாத டீ, வைப்பான். காக்கா மிக்சரைக் கொத்தினால், “அப்பா அனுப்பின ஆளு” என்று அதோடும் பேசுவான்.

அந்த வருஷம் திருநாள் வெள்ளிக்கிழமையே வந்தது. விடியற்காலைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. அன்றைக்கு மார்கரெட் அம்மா வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜேம்ஸ் எஞ்சினியரின் பேத்தி, ஸ்காட்லாந்துக்காரர். அவரோடு அவருடைய அப்பாவின் அஸ்தியும் வருகிறது. அந்த அப்பா பிறக்கும் முன்பே ஜேம்ஸ் எஞ்சினியர் இங்கே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை தகப்பன் முகத்தைப் பார்த்ததே இல்லை. தொண்ணூறு வயது தாண்டி இறக்கும்போது, என்னை என் அப்பாவோடு வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அனுமதி எல்லாம் வாங்கி, கல்லின் காலடியில் சின்னக் குழியும் நான் வெட்டி வைத்திருந்தேன்.

குழி வெட்டியபோது கல் சுத்தமாக இருந்தது. நான் கேட் பக்கம் வந்து பூசைக் குப்பையை அள்ளிக்கொண்டிருந்தபோதுதான் சேசுராஜ் உள்ளே போயிருக்கிறான்.

கார் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஓட்டி வந்தவர் சாகுல் காக்கா, காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். பின்சீட்டிலிருந்து மார்கரெட் அம்மா இறங்கினார். குட்டையான உருவம், சிவந்த கன்னம், எழுபது வயதுக்கு மேல். மடியில் வைத்திருந்த மரப்பெட்டியை இடுப்பில் பிள்ளையைத் தூக்குவது மாதிரித் தூக்கிக்கொண்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே நடந்தார், பேசிக்கொண்டே நடந்தார். வெள்ளைக்காரர் வீடுகளில் வருஷக்கணக்காக வேலை பார்த்ததால் அவர்கள் பேச்சு எனக்குப் புரியும். திருப்பிப் பேசத்தான் வெட்கம்.

அவர்கள் ஊரில் சவப்பெட்டியைக் குழி வெட்டுகிறவர்கள் இறக்குவதில்லையாம். சொந்தக்காரர்கள்தான் கயிறு பிடித்து இறக்குவார்களாம். ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு நம்பர். தலைமாட்டில் முதல் கயிறு, மிக நெருங்கிய சொந்தத்துக்கு. இன்ன ஆளுக்கு இன்ன கயிறு என்று அட்டையில் அச்சடித்து முன்னாலேயே கொடுத்துவிடுவார்களாம். கயிறு கிடைக்காத சித்தப்பாக்கள் அதற்காகச் சாகும்வரை பேசாமல் இருந்ததும் உண்டாம். அந்தக் காலத்தில் பெண்களைக் கல்லறைப் பக்கமே விடமாட்டார்களாம், ஜன்னலில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

“இன்றைக்கு நான்தான் முதல் கயிறு” என்றார். கைப்பையிலிருந்து குஞ்சம் வைத்த நாலு கறுப்புக் கயிற்றை எடுத்துக் காட்டினார். நாலு அட்டையையும் காட்டினார். ஒன்றில் அவர் பெயர் இருந்தது. மற்ற மூன்றும் வெறுமையாக இருந்தன.

“என் குடும்பத்தில் நான்தான் கடைசி. கூடப் பிறந்தவர்கள் இல்லை, பிள்ளைகள் இல்லை. எத்தனையோ வருஷமாகத் தேடுகிறேன், செத்தவர்களாகத்தான் கிடைக்கிறார்கள்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்போது மூலை திரும்பினோம்.

கல் தெரியவில்லை. செவ்வந்தி தெரிந்தது. அதற்குக் கீழே வரிசையாக மெழுகுவர்த்தி. மிக்சர். சுலைமானி. மாலைக்குக் கீழே, ஜேம்ஸ் என்ற பெயருக்கு நேர் அடியில், பளபளவென்று ஈரம் காயாத கறுப்பு பெயிண்டில், தமிழில் ‘மிக்கேல்’. பக்கத்தில் மண்டியிட்டு, பிரஷ்ஷோடு, சேசுராஜ்.

வேறு எந்த வருஷமும் அவன் கல்லில் எழுதியதில்லை.

மார்கரெட் அம்மா குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக, “இது யார் எழுத்து? என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டார்.

சேசுராஜ் எழுந்து, நெஞ்சில் கை வைத்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சந்தோஷமாகச் சொன்னான். “மை ஃபாதர் நேம், மேடம். மைக்கேல். எவ்ரி இயர் ஐ கம்மிங்.”

அவ்வளவுதான். அந்த அம்மா முகத்தில் கணக்கு ஓடுவது எனக்குக் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. தாத்தா கல்லில் மைக்கேல். அப்படியானால் தாத்தாவுக்கு இந்த ஊரில் இன்னொரு மகன். அப்பாவுக்கு ஒரு சகோதரன். அந்த மைக்கேலின் மகன் இதோ கண்ணெதிரே, மெழுகுவர்த்தியோடு.

“கஸின்!” என்று ஒரு கத்துக் கத்தினார். வேப்பமரத்துப் புறாக்கள் அத்தனையும் பறந்தன. பெட்டியை என் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய்ச் சேசுராஜைக் கட்டிக்கொண்டார். சேசுராஜ் கல்லைச் சுத்தமாக வைத்திருப்பதற்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, “வெல்கம் மேடம், வெல்கம்” என்று அவர் முதுகில் தட்டினான். அவர் அவன் முகத்தைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

“இந்தக் காது! எங்கள் வீட்டுக் காது! பாருங்கள், அப்பாவுக்கும் இதே மாதிரிதான் வெளியே நிற்கும்!”

போனை எடுத்து ஒரு போட்டோ. இரண்டு காதும் தெரிகிற மாதிரி இன்னொன்று. ஊரில் இவரோடு சேர்ந்து பூர்வீகம் தேடுகிற சிநேகிதிகளுக்கு அப்போதே அனுப்பியாகிவிட்டது. டிங் டிங்கென்று பதிலும் வர ஆரம்பித்துவிட்டது.

சாகுல் காக்கா சேசுராஜ் பக்கத்தில் போய்க் கிசுகிசுத்தார். “தம்பி, அந்தம்மா ஒன்னைய பெரியப்பா மவன்னு நெனைச்சிட்டு இருக்கு. வெளங்குச்சா?”

“யாரு பெரியப்பா?”

“ஒங்க வாப்பாதான். இந்தக் கல்லுக்குள்ள இருக்கவரு புள்ளையாம்.”

“அய்யோ! எங்கப்பா சங்கு குளிக்கிறவரு காக்கா. தூத்துக்குடியத் தாண்டுனதில்ல.”

“சத்தம் போடாதே. பெரிய பாஸ்போர்ட்டு கெடைச்சாலும் கெடைக்கும்.”

“சும்மா கெடங்க காக்கா, நெஞ்சு படபடங்குது” என்று சேசுராஜ் என் பக்கம் ஓடி வந்தான். “யக்கா, நீங்க சொல்லுங்க. எனக்கு இங்கிலீஷு வராது.”

“எனக்கு மட்டும் வருமா? நீதானே எழுதினே, நீயே சொல்லு.”

“அழுதுருவாவக்கா.”

பாஸ்டர் அங்கியைச் சரிசெய்துகொண்டே வந்து சேர்ந்தார். மார்கரெட் அம்மா பெட்டியை என்னிடமிருந்து வாங்கிக் கல்லின் மேல் வைத்து, கயிறுகளைக் கோத்தார். பேனாவை எடுத்து, இரண்டாம் நம்பர் அட்டையில் சேசுராஜ் என்று ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதினார். “ஒருவரைத் தேடி வந்தேன், ஒரு குடும்பமே கிடைத்துவிட்டது” என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார், அப்பாவிடம் சொல்வது போல. பாஸ்டர் புத்தகத்தைத் திறந்தார்.

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன், விமலா, ஷீபா. அந்த அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பேசாமல் இருந்தால் அது அணையாது. நாளைக்கு விமானம் ஏறிவிடுவார். யாருக்கு என்ன நஷ்டம்? பேசாமல் இருப்பதுதான் எனக்கும் சுலபம், வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறேன். ஆனால் எனக்கு ஒன்று தோன்றியது. மண் விழுவதற்கு முன்னால் சொன்னால் அது செய்தி. மண் விழுந்த பிறகு தெரியவந்தால், அந்த மனுஷி அப்பாவைப் புதைத்த நாளையே யாரோ ஏமாற்றிய நாளாகத்தான் நினைத்துக்கொள்வார். அவர் தேடுகிறவர். என்றைக்காவது கண்டுபிடித்துவிடுவார்.

நான் முன்னால் போய் நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேர்த்துக் கொட்டியது. படித்ததும் பழகியதும் எல்லாம் கலந்து வாயில் வந்தது இதுதான்:

“மேடம். கஸின் மாஃபி.”

சாகுல் காக்கா இருமுவது போலத் திரும்பிக்கொண்டார்.

மாஃபி என்றால் இங்கத்து அரபியில் இல்லை என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? “மாஃபி யார்? அவரும் சொந்தமா?” என்று ஆசையாகக் கேட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் இங்கிலீஷ் கொஞ்சம் வந்தது. இவனுடைய அப்பா வேறு மைக்கேல். இவன் ஊரில், கடற்கரையில் கிடக்கிறார். அடக்கத்துக்கு இவனால் போக முடியவில்லை. விளக்கேற்ற இவனுக்கு ஒரு கல் வேண்டியிருந்தது. உங்கள் தாத்தாவுக்கு ஆள் யாரும் வரவில்லை. அதனால் உங்கள் தாத்தாவை இரவல் வாங்கிக்கொண்டான். பெயர் எழுதினது இன்றைக்குத்தான். தப்புத்தான். ஆனால் கெட்ட எண்ணம் இல்லை.

கண்ணைத் திறந்தேன். மார்கரெட் அம்மா பக்கத்துக் கல்லின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். குனிந்திருந்தார். தோள் குலுங்கியது. போச்சு, கொன்றுவிட்டோம் என்று நினைத்தேன். சேசுராஜ் சிலுவை போட்டுக்கொண்டான்.

“காது!” என்று ஒரு சத்தம் வந்தது. நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர், ஆனால் சிரிப்பு. “நான்... அந்தக் காதை... பதினோரு பேருக்கு அனுப்பிவிட்டேன்!”

அவ்வளவுதான், உடைந்துவிட்டது. சாகுல் காக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பாஸ்டர் புத்தகத்தால் முகத்தை மறைத்தார், புத்தகம் குலுங்கியது. எனக்கு முந்தானை தேடக்கூட நேரமில்லை. போன் மறுபடியும் டிங் என்றது. மார்கரெட் அம்மா படித்துக் காட்டினார். அந்தக் காது சந்தேகத்துக்கே இடமில்லாமல் உங்கள் தாத்தாவுடையதுதான் என்று ஒரு சிநேகிதி எழுதியிருந்தார். இன்னொரு சுற்றுச் சிரித்தோம். சேசுராஜ் மட்டும் இரண்டு காதையும் கையால் மூடிக்கொண்டு நின்றான்.

சிரித்து முடித்து மார்கரெட் அம்மா எழுந்தார். அவர் கல்லை நன்றாகப் பார்த்தார். நங்கூரத்தின் இடுக்கில்கூட உப்பு இல்லை.

“நான் தாத்தாவைக் காகிதத்தில் தேடிக்கொண்டிருந்த வருஷமெல்லாம் இவர் வந்து முகம் துடைத்துவிட்டிருக்கிறார்” என்றார்.

சேசுராஜ் அட்டையை இரண்டு கையாலும் திருப்பி நீட்டினான். “சாரி மேடம்.”

அவர் வாங்கவில்லை. “மையால் எழுதியது. அழியாது” என்றார். மூன்றாம் அட்டையை எடுத்து என் பெயரைக் கேட்டார். நான் பின்னால் போனேன். “உங்கள் ஊரில் பெண்களும் குழிவரை வருவார்களா?” என்றார். “வருவோம், மாரடித்துக்கொண்டே வருவோம்” என்றேன். “அப்படியானால் வாருங்கள், மாரடிக்காமல்” என்றார். நாலாவது சாகுல் காக்காவுக்கு. “கயித்தப் புடிக்கத்தானே, புடிச்சாப் போச்சு” என்று கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

கயிற்றைக் கையில் கொடுத்ததும் சேசுராஜ் ஆளே மாறிவிட்டான். கப்பல் பட்டறையில் நிற்கிறவன் போல அதிகாரம். “யக்கா, ஒங்க பக்கம் சாயுது, தூக்குங்க. காக்கா, ஜல்தி வேண்டாம். மேடம், ஸ்லோ, ஸ்லோ. யல்லா, எல்லாருஞ் சமமா!” ஒரு தண்ணீர்க் குடத்தின் கனம்கூட இல்லாத பெட்டி, பெரிய எஞ்சினை இறக்குவது மாதிரி இறங்கியது. தரையைத் தொட்டது. வழக்கப்படி மார்கரெட் அம்மா கயிற்றை உள்ளே விட்டார். நான் விட்டேன். காக்கா விட்டார். சேசுராஜ் விடவில்லை.

“விடலாம்” என்றார் பாஸ்டர்.

“கீழருந்து ஓக்கேன்னு சத்தம் வராம நாங்க கயித்த விடமாட்டோம் பாஸ்டர். சைட்டுல ரூலு” என்றான் சேசுராஜ், தீவிரமாக.

நான் அதை இங்கிலீஷில் சொல்ல, மார்கரெட் அம்மா குழிக்குள் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, “ஓகே என்கிறார்” என்றார். சேசுராஜ் கயிற்றை விட்டான்.

மண் போட்டு, பாஸ்டர் ஜெபம் சொல்லி முடித்தார். மெழுகுவர்த்தியை அணைக்க நான் குனிந்தேன். அவர் வேண்டாம் என்றார். அவர்கள் சபையில் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினால் மூப்பர்கள் வீட்டுக்கே வந்து விசாரிப்பார்களாம். “இவ்வளவு தூரம் வரமாட்டார்கள்” என்று மிக்சரில் ஒரு கை எடுத்துக்கொண்டார்.

சேசுராஜ் ஸ்டோர் ரூமிலிருந்து தின்னரும் துணியும் எடுத்து வந்தான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, அப்பா பெயரின் மேல் துணியை வைத்தான். மார்கரெட் அம்மா அவன் கையைப் பிடித்தார்.

“உங்கள் அப்பா எப்படிப்பட்டவர்? பேசுவாரா?”

நான் தமிழில் கேட்டேன்.

“பேசுவாராவா?” என்றான் சேசுராஜ். “வாய மூடவே மாட்டாரு. எங்கம்மா காதுல பஞ்சு வச்சிக்கிட்டுத்தான் தூங்குவா.”

அதை அவருக்குச் சொன்னேன். அவர் துணியை அவன் கையிலிருந்து வாங்கி மடித்து, தின்னர் டப்பாவின் மேல் வைத்தார்.

“அப்படியானால் இருக்கட்டும்” என்றார். “என் தாத்தா வாய் திறக்காத மனுஷன் என்று கேள்வி. என் அப்பாவும் அப்படித்தான். இரண்டு பேரும் இப்போதுதான் முதல் தடவையாகச் சந்திக்கிறார்கள். பேச்சை ஆரம்பித்து வைக்க நடுவில் ஓர் ஆள் வேண்டும்.”